விடை தெரிந்த பின்னும் அழைக்கும் தீவு

1990 முதல் 2022 வரை வெளிவந்தவை ஆறு ‘மங்கி ஐலண்ட்’ கேம்கள். ஆறையும் மறுபடி ஆடி, ஆறாம் இடத்திலிருந்து முதலிடம் வரை வரிசைப்படுத்துகிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

விடை தெரிந்த விடுகதையை யாரும் இரண்டாம் முறை போடச் சொல்வதில்லை. அட்வென்ச்சர் கேம் என்பதோ முதலிலிருந்து முடிவுவரை விடுகதைகளாலேயே கட்டிய கதை. பூட்டு ஒரு தீவில் இருக்கும், சாவி இன்னொரு தீவில். வழிமறிப்பவன் வாசலில் நிற்பான், அவனை ஏமாற்ற உதவும் பொருள் ஏதோ ஒரு சமையலறையில் கிடக்கும். ஒருமுறை ஆடி முடித்தவருக்கு எல்லாம் தெரியும். ஆகவே இவ்வகை கேம்கள் ஒரே ஆட்டத்தோடு தீர்ந்துபோக வேண்டும்.

‘மங்கி ஐலண்ட்’ தீரவில்லை. கைபிரஷ் த்ரீப்வுட் என்ற வெகுளி இளைஞன் கரீபியன் கடலில் கடற்கொள்ளையனாக ஆசைப்படுகிறான். எலேன் மார்லி என்ற ஆளுநரைக் காதலிக்கிறான். லெசக் என்ற செத்தும் அடங்காத கொள்ளையனோடு மல்லுக்கு நிற்கிறான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப ஆடுபவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

இந்த முறை ஆறையும் வெளிவந்த வரிசையிலேயே ஆடினேன். முதல் இரண்டை, பின்னாளில் வந்த மெருகேற்றிய பதிப்புகளில் ஆடாமல் பழைய வடிவத்திலேயே ஆடினேன். ஆடும்போது ஒரே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டேன்: புதிர்களின் விடையெல்லாம் தெரிந்த பிறகு இந்த கேமில் என்ன மிஞ்சுகிறது? மிஞ்சுவது எதுவோ அதுதான் அதன் உண்மையான மதிப்பு என்பது என் உறுதியான கருத்து. இங்கே வரும் வரிசைக்கும் அதுவே அளவுகோல். சில கேம்களின் முடிவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. முதல்முறை ஆடப்போகிறவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

கொல்லாத கேம்

1980களின் அட்வென்ச்சர் கேம்கள் ஆடுபவரைக் கொல்வதில் குறியாக இருந்தன. அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த சியாரா நிறுவனத்தின் ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ வகை கேம்களில் ஓர் அடி தவறினால் மரணம். அதைவிடக் கொடுமை, தொடக்கத்தில் ஒரு பொருளை எடுக்கத் தவறினால் கடைசிக் கட்டத்தில் வழியே இல்லாமல் நிற்க வேண்டும். எங்கே தவறினோம் என்பதுகூடத் தெரியாது.

கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் லூகாஸின் கேம் நிறுவனமான லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் வேலை பார்த்த ரான் கில்பர்ட்டுக்கு இது பொறுக்கவில்லை. 1987இல் ‘மேனியாக் மேன்ஷன்’ கேமுக்காக அவரும் ஏரிக் வில்மண்டரும் ‘ஸ்கம்’ என்ற மென்பொருள் கருவியை உருவாக்கினார்கள். கட்டளைகளைக் கீபோர்டில் தட்டச்சு செய்யும் வேலை ஒழிந்தது. திரையின் அடியில் வினைச்சொற்கள் வரிசையாக இருக்கும்; ‘திற’ என்பதையும் கதவையும் கிளிக் செய்தால் போதும். 1989இல் அட்வென்ச்சர் கேம்கள் ஏன் சகிக்கவில்லை என்று கில்பர்ட் ஒரு கட்டுரை எழுதினார். அற்பக் காரணத்துக்காக ஆடுபவரைக் கொல்லாதே, மீளமுடியாத முட்டுச்சந்தில் நிறுத்தாதே, பூட்டைக் காட்டிய பிறகு சாவியைக் கொடு என்பவை அதன் சாரம். அந்தக் கொள்கைகளுக்குக் கிடைத்த செயல்வடிவம்தான் மங்கி ஐலண்ட்.

கதைக்கான பொறி இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, டிஸ்னிலேண்டின் ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படகுச் சவாரி. படகிலிருந்து இறங்கி அந்தப் பொம்மைக் கொள்ளையர்களின் ஊருக்குள் நடந்து பார்க்க வேண்டும் என்பது கில்பர்ட்டின் ஆசை. இன்னொன்று, டிம் பவர்ஸ் எழுதி 1987இல் வெளியான ‘ஆன் ஸ்ட்ரேஞ்சர் டைட்ஸ்’ நாவல். கில்பர்ட்டோடு டேவ் கிராஸ்மனும் டிம் ஷேஃபரும் எழுத்தில் சேர்ந்தார்கள். மைக்கேல் லேண்ட் இசையமைத்தார். அந்தப் படகுச் சவாரி இந்த வரிசையின் வேரில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிடத்துக்கு வரும்போது அது தேவைப்படும்.

ஆறாம் இடம்: எஸ்கேப் ஃப்ரம் மங்கி ஐலண்ட் (2000)

ஷான் கிளார்க்கும் மைக்கேல் ஸ்டெம்லும் முன்னின்று உருவாக்கிய நான்காவது கேம் இது. தேனிலவு முடிந்து கைபிரஷும் எலேனும் ஊர் திரும்புகிறார்கள். அதற்குள் எலேன் இறந்துவிட்டதாக அறிவித்து, ஆளுநர் பதவிக்குத் தேர்தலே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓஸி மேண்ட்ரில் என்ற நிலவணிகர் தீவுகளை ஒவ்வொன்றாக வளைத்துப்போட்டு, கொள்ளையர் ஊர்களைச் சுற்றுலா விடுதிகளாக மாற்றுகிறார். ஜம்பலாயா தீவில் கடற்கொள்ளையர் பாணியில் காபிக் கடையும் உணவகமும் வந்துவிட்டன. மண்ணின் வாழ்வைத் துடைத்துவிட்டு அதன் வேடத்தை மட்டும் விற்கும் வணிகத்தை இவ்வளவு கூர்மையாகச் சாடிய கேம் அந்தக் காலத்தில் அரிது.

லூக்கர் தீவில் காலம் முன்பின்னாகும் சதுப்புநிலம் ஒன்று உண்டு. அங்கே கைபிரஷ் எதிர்காலத்துத் தன்னையே சந்திக்கிறான். அந்த எதிர்கால கைபிரஷ் சில பொருள்களை ஒரு வரிசையில் கொடுப்பான், சில வார்த்தைகள் சொல்வான். சற்று நேரத்தில் நாமே அந்த எதிர்கால கைபிரஷாக நின்று, அதே பொருள்களை அதே வரிசையில் கொடுத்து, அதையே சொல்ல வேண்டும். மறந்துபோனால் கால ஓட்டம் குலைந்து, மறுபடி தொடக்கத்துக்குத் தள்ளப்படுவோம். இந்த வரிசையின் ஆறு கேம்களிலும் மிக நேர்த்தியான புதிர்களில் இது ஒன்று.

இருந்தும் இதற்குக் கடைசி இடம். ‘கிரிம் ஃபேண்டாங்கோ’ கேமுக்குப் பயன்பட்ட முப்பரிமாண முறைக்கு மாறியதில் மவுஸ் போய்விட்டது. அம்புக்குறி விசைகளால் கைபிரஷை ஓட்ட வேண்டும். அவன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். முன்பெல்லாம் திரையில் கண்ணை ஓட்டி, எது பயன்படும் என்று நாமே தேடுவோம். இங்கே கைபிரஷ் எதன் பக்கம் தலையைத் திருப்புகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. தேடும் சுகமே அதில் போய்விட்டது.

‘மங்கி காம்பட்’ என்ற குரங்குச் சண்டை இன்னும் பெரிய சுமை. ஐந்து நிலைகள்; ஒவ்வொன்றும் வேறு இரண்டை வெல்லும்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறக் குரங்கு ஒலிகளின் கோவை தேவை. இந்தக் கோவைகள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும். ஆகவே மறுபடி ஆடுபவரும் தாளும் பேனாவும் எடுத்து அட்டவணை போட்டே தீர வேண்டும். முன்பு கற்றது உதவாது, புதிதாகக் கற்பதில் சுவாரசியமும் இல்லை. மறு ஆட்டத்தில் மிஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு இந்த கேம் தரும் பதில், வேலை.

ஐந்தாம் இடம்: டேல்ஸ் ஆஃப் மங்கி ஐலண்ட் (2009)

லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் பின்னர் லூகாஸ்ஆர்ட்ஸ் ஆனது; 2004இல் அது அட்வென்ச்சர் கேம்களைக் கைவிட்ட சமயத்தில், அங்கிருந்து வெளியேறியவர்கள் டெல்டேல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உரிமம் பெற்று, 2009 ஜூலை முதல் டிசம்பர் வரை ஐந்து அத்தியாயங்களாக அவர்கள் வெளியிட்ட தொடர் இது. முதல் இரண்டு கேம்களை எழுதிய டேவ் கிராஸ்மன் இதில் வடிவமைப்புக்குத் தலைமை வகித்தார்.

தொடராக எழுதியதன் பலமும் பலவீனமும் பளிச்சென்று தெரிகின்றன. முதல் அத்தியாயம் நடக்கும் ஃப்ளாட்சம் தீவின் காட்டில் திசைதெரியாமல் அலைவது சலிப்பு. நேரமும் பணமும் குறைவாக இருந்ததால் ஒரே உடல்வாகில் பல பாத்திரங்கள் வந்துபோகின்றன. மாதம் ஒன்றாக ஆடியபோது பொறுத்துக்கொள்ள முடிந்த இந்தக் குறைகள், ஐந்தையும் சேர்த்து ஆடும்போது உறுத்துகின்றன.

ஆனால் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து கதை வேகமெடுக்கிறது. ஒரு ராட்சதக் கடற்பசுவின் வயிற்றுக்குள்ளேயே நடக்கும் அந்த அத்தியாயம் மறு ஆட்டத்திலும் புதிதாக இருக்கிறது. மோர்கன் லெஃப்ளே என்ற கொள்ளையர் வேட்டைக்காரி இந்த வரிசைக்குக் கிடைத்த அருமையான பாத்திரம். சிறுவயதிலிருந்தே கைபிரஷின் புகழைக் கேட்டு வளர்ந்தவள், இப்போது அவனையே பிடித்துக்கொடுக்கக் கூலி வாங்கியிருக்கிறாள். அந்த முரண் அவளைக் கடைசிவரை அலைக்கழிக்கிறது. இதற்குமுன் எந்த மங்கி ஐலண்டும் ஒரு துணைப்பாத்திரத்துக்கு இவ்வளவு மனப்போராட்டம் தந்ததில்லை.

நான்காம் அத்தியாயத்தின் முடிவில் கைபிரஷ் கொல்லப்படுகிறான். சாவே இல்லாத கேம் என்று பெயரெடுத்த வரிசையில் அது இடிபோல் இறங்கியது. ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் மறு உலகிலிருந்து வழிதேடி வர வேண்டும். மனிதனாக மாறி நல்லவனாக நடமாடும் லெசக்கை இரண்டாம் முறை பார்க்கும்போது அவன் பேச்சு ஒவ்வொன்றிலும் இன்னொரு பொருள் கேட்கிறது. கதையில் மிஞ்சுவது நிறைய. நடந்து திரியும் இடங்களில் மிஞ்சுவது குறைவு.

நான்காம் இடம்: தி கர்ஸ் ஆஃப் மங்கி ஐலண்ட் (1997)

அழகுக்கு மட்டும் பரிசு என்றால் இதற்குத்தான் முதலிடம். ரான் கில்பர்ட் 1992இல் நிறுவனத்தைவிட்டுப் போய்விட்டார். ஜோனதன் ஆக்லியும் லேரி அஹெர்னும் பொறுப்பேற்று, மூன்றாம் கேமை முழுநீளக் கார்ட்டூன் படம்போல் எடுத்தார்கள். பில் டில்லரின் பின்னணி ஓவியங்களில் மேகங்கள் சுருள் சுருளாக எழுகின்றன. நிலவொளியில் கோட்டைச் சுவர்கள் மின்னுகின்றன. கைபிரஷுக்கு முதல்முறையாகக் குரல் கிடைத்ததும் இங்கேதான். டாமினிக் அர்மாட்டோவின் அந்தக் குரல் பின்னர் அவனைவிட்டுப் பிரியவே இல்லை. லெசக்குக்கு ஏர்ல் போயன் தந்த கரகரத்த குரலில் மிரட்டலும் நகைச்சுவையும் சரிபாதி.

சபிக்கப்பட்ட மோதிரத்தை அணிவித்து எலேனைத் தங்கச் சிலையாக்கிவிடுகிறான் கைபிரஷ். மீட்க வேண்டியதும் அவனே. பிளண்டர் தீவில் கப்பலுக்கு ஆள் சேர்க்கும் பகுதி இன்றும் முழு உற்சாகத்தோடு ஓடுகிறது. கொள்ளையை விட்டுவிட்டு முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் மூவரையும் ஒவ்வொருவராக மனம் மாற்ற வேண்டும். ஒருவனோடு மரத்தடி எறியும் போட்டி, இன்னொருவனோடு பேஞ்சோ வாசிக்கும் போட்டி. கப்பலேறிய பிறகு மாலுமிகள் வேலை செய்யாமல் பாடத் தொடங்குவார்கள்; நாம் எதைச் சொன்னாலும் அதற்கு எதுகை கட்டிப் பாட்டை வளர்ப்பார்கள். எதுகையே கிடைக்காத சொல்லை எடுத்துவிட்டால்தான் பாட்டு நிற்கும். மறு ஆட்டத்தில் அந்தச் சொல்லைத் தெரிந்தே தள்ளிப்போட்டு, முழுப் பாட்டையும் கேட்டேன். மர்ரி என்ற பேசும் மண்டையோடும் இங்கே பிறந்ததே. உலகை நடுங்கவைக்கத் துடிக்கும், உடலே இல்லாத அந்த மண்டையோட்டை ரசிகர்கள் விடவில்லை. அது அடுத்த கேம்களிலும் வந்தது.

ஆனால் அடுத்து வரும் பிளட் தீவுப் பகுதிக்குப் பிறகு கேமுக்கு மூச்சு வாங்குகிறது. கடைசிப் பகுதி அவசரமாக முடிந்துபோகிறது; இறுதிக் காட்சி கண் இமைப்பதற்குள் ஓடிவிடுகிறது. இரண்டாம் கேம் விட்டுச்சென்ற விசித்திரமான முடிச்சை லெசக்கின் மாயம் என்று சொல்லி அவிழ்த்துவிடுகிறார்கள். முதல் ஆட்டத்தில் கண்ணைப் பறிக்கும் அழகு இந்தத் தாவலை மறைத்துவிடும். மறு ஆட்டத்தில் மறைவதில்லை. ஸ்கம் கருவியில் உருவான கடைசி லூகாஸ்ஆர்ட்ஸ் கேம் இது. அந்தக் கருவிக்கு இதைவிட அழகான வழியனுப்பு இருந்திருக்க முடியாது.

மூன்றாம் இடம்: ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட் (2022)

2012இல் லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கியது. எந்தப் படகுச் சவாரியிலிருந்து இந்தக் கதை முளைத்ததோ, அந்தச் சவாரியின் சொந்தக்காரர்களிடமே மங்கி ஐலண்டும் போய்ச் சேர்ந்தது. பத்தாண்டு கழித்து, 2022 ஏப்ரலில், கில்பர்ட்டும் கிராஸ்மனும் திரும்பி வருகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தபோது ரசிகர்களின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் ரெக்ஸ் க்ரோலின் ஓவியப் பாணி வெளியானதும் கோபம் வெடித்தது. வசைகள் தாங்காமல், கேமைப் பற்றி இனி எழுதப்போவதில்லை என்று கில்பர்ட் அறிவிக்கும் நிலை வந்தது. செப்டம்பர் 19 அன்று கேம் வெளியானது.

அந்தக் கோபத்துக்கு நியாயம் இல்லை என்பதை ஆடிப் பார்த்தால் உணரலாம். காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோன்ற அந்தக் கோணல்மாணலான உருவங்களுக்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. நடுவயது கைபிரஷ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தன் மகனுக்குக் கதை சொல்கிறான். நாம் பார்ப்பது, நினைவும் மிகையும் கலந்து ஒரு தகப்பன் சொல்லும் கதை. முன்பின் முரண்களை மகன் நிறுத்திக் கேட்கிறான், அப்பா சமாளிக்கிறார்.

தனக்கு முன் வந்தவற்றை இந்த கேம் ஒதுக்கவில்லை. மர்ரி வருகிறது. அர்மாட்டோவின் குரல் வருகிறது. எலேனுக்கு அலெக்சாண்ட்ரா பாய்டின் குரல் மீண்டும் கிடைக்கிறது. கேமுக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகம் உண்டு. சிக்கிக்கொண்டால் அது முதலில் லேசாகக் கோடி காட்டும், மறுபடி கேட்டால் இன்னும் கொஞ்சம் சொல்லும். வெளியே போய் விடையைத் தேடி, தேவையில்லாததையும் தெரிந்துகொள்ளும் கேட்டிலிருந்து ஆடுபவரைக் காப்பாற்றும் அருமையான ஏற்பாடு அது.

ஐந்து தங்கச் சாவிகளைத் தேடித் தீவுதீவாகப் போகும் பகுதி நீண்டுவிட்டது. புதிர்களில் பழைய முரட்டுத்தனம் குறைவு. எனவே மூன்றாம் இடம். ஆனால் மறு ஆட்டத்தில் மனத்தைத் தொட்டது எலேனின் பேச்சு. தீவின் ரகசியத்தைத் தேடும் வெறியில் கைபிரஷ் வழியெங்கும் யார் யாருக்கு என்ன செய்தான் என்பதை அவள் சண்டையில்லாமல், குத்தலில்லாமல் எடுத்துச்சொல்கிறாள். அட்வென்ச்சர் கேம் ஆடுபவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது: கண்ணில் பட்டதை எடுப்போம், எவனையும் ஏமாற்றுவோம், கதவைத் திறக்க எதையும் உடைப்போம். அதற்கு ஒரு கணக்கு உண்டு என்று இந்த வரிசை முப்பது ஆண்டுக்குப் பிறகு சொல்கிறது. மங்கி ஐலண்டின் ரகசியம் என்ன என்பதை நான் சொல்லமாட்டேன். அதைத் தேடியவர்களுக்கு அந்தத் தேடல் என்ன தந்தது என்பதே கேமின் மையக் கேள்வி என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாம் இடம்: தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட் (1990)

இருட்டிய கடல், மலைமுகட்டில் ஒரு தீ, அடிவாரத்தில் சிறு ஊரின் விளக்குகள், மைக்கேல் லேண்டின் கரீபியன் தாளம். மெலே தீவின் அந்த இரவு, முதலில் 16 நிறங்களிலும் பின்னர் 256 நிறங்களிலும் வெளிவந்தது. இன்றைக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

கொள்ளையனாக வேண்டுமா? வாள்வீச்சு, திருட்டு, புதையல் வேட்டை என்று மூன்று சோதனைகளில் தேற வேண்டும். இந்த மூன்றும் அட்வென்ச்சர் வடிவமைப்புக்குப் பாடமாக வைக்கத் தகுந்தவை. புதையல் வரைபடமாக ஒரு நடனக் குறிப்பை விற்கிறான் ஒருவன். அதன் அடிவைப்புகளைக் காட்டுப்பாதையின் திசைகளாகப் படித்தால் புதையல் கிடைக்கும். வாள்வித்தைக்காரியின் இருப்பிடத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஆனால் உங்களுக்காகக் கேட்டுவரக் கிளம்புவார். பின்னாலேயே போக வேண்டும். ஆளுநர் மாளிகையில் திருடும் காட்சி முழுவதும் சுவருக்குப் பின்னால் நடக்கிறது. திரையின் அடியில் வினைச்சொற்கள் தாமாகவே ஓடிக் கைபிரஷ் என்னென்ன செய்கிறான் என்று காட்டுகின்றன. நாம் கிளிக் செய்யும் கட்டளை வரியையே நகைச்சுவைக்குக் கருவியாக்கிய அந்தத் துணிச்சல் இப்போதும் வியக்கவைக்கிறது.

எல்லாவற்றுக்கும் சிகரம் வசைபாடும் வாள்சண்டை. பழைய கடற்கொள்ளையர் படங்களில் வீரர்கள் வாளைவிட நாவைத்தான் அதிகம் சுழற்றுகிறார்கள் என்பதைக் கவனித்த கில்பர்ட், சண்டையையே சொற்போராக மாற்றினார். நாவலாசிரியர் ஆர்சன் ஸ்காட் கார்டும் சில வசைகளை எழுதிக்கொடுத்தார். ஒருவன் திட்டினால் சரியான பதில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தோற்போம், ஆனால் அந்த வசை நமக்குக் கிடைத்துவிடும். அதை அடுத்தவனிடம் சொல்லி, அவன் தரும் பதிலைக் கற்றுக்கொள்ளலாம். இப்படித் தோற்றுத் தோற்றே தேர்ந்தபின் வாள்வித்தைக்காரி கார்லாவிடம் போனால், அவள் முற்றிலும் புதிய வசைகளை வீசுவாள். பழைய பதில்களில் எது இதற்குப் பொருந்தும் என்று அந்தக் கணத்தில் கண்டுபிடிக்க வேண்டும். மனப்பாடம் செய்தவன் திணறுவான். பொருள் புரிந்தவன் வெல்வான். விடை தெரிந்து ஆடும்போதும் ஒவ்வொரு பதிலும் கச்சிதமாக விழும் அழகு அப்படியே இருக்கிறது.

மங்கி ஐலண்டுக்கே போய்ச் சேர்ந்தபிறகு கொஞ்சம் தொய்வு. தீவைச் சுற்றித் துடுப்புப் படகில் போய்வரும் நேரம் அதிகம். ஆள் நடமாட்டம் குறைவு. மெலே தீவின் சந்தடிக்குப் பிறகு அந்த வெறுமை உறைக்கிறது. முதலிடம் கைநழுவியதற்கு அது ஒன்றே காரணம்.

முதலிடம்: மங்கி ஐலண்ட் 2: லெசக்ஸ் ரிவெஞ்ச் (1991)

ஒரே ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டாம் பாகம், முதல் பாகத்தைவிட எல்லா வகையிலும் பெரியது. ஸ்டீவ் பர்செலும் பீட்டர் சானும் கையால் தீட்டிய ஓவியங்களை ஸ்கேன் செய்து பின்னணியாக்கினார்கள். அமிகா கணினிக்கான பதிப்பு 11 ஃப்ளாப்பிகளில் வந்தது.

இசையில் நடந்தது ஒரு புரட்சி. மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ‘ஐமியூஸ்’ முறை முதன்முதலில் பயன்பட்டது இங்கேதான். உடைந்த கப்பல்களைச் சேர்த்துக் கட்டிய வுட்டிக் ஊரில் ஒவ்வொரு கப்பல் வீட்டுக்குள்ளும் நுழைந்து பாருங்கள். ஊரின் மெட்டு அறுபடாமல் அந்த வீட்டுக்குரிய வாத்தியத்துக்குத் தாவும். வெளியே வந்தால் தாளம் தப்பாமல் பழைய மெட்டுக்குத் திரும்பும். ஆடுபவர் எந்த நொடியில் கதவைத் திறப்பார் என்பது இசைக்குத் தெரியாது. தெரிந்ததுபோலவே அது நடந்துகொள்கிறது.

புதிர்களில் இதன் வீச்சு இன்னும் பெரிது. ‘பிக் ஹூப்’ என்ற புதையலின் வரைபடம் நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. மூன்று தீவுகளும் ஒரே நேரத்தில் நமக்குத் திறந்திருக்கின்றன. ஓரிடத்தில் சிக்கினால் இன்னோரிடத்தில் வேலை இருக்கும். எச்சில் துப்பும் போட்டியை எடுத்துக்கொள்வோம்: பானங்களைக் கலந்து எச்சிலைத் தடிப்பாக்க வேண்டும்; கூட்டத்தில் நிற்கும் பெண்ணின் கழுத்துத்துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக் காற்றைக் கணிக்க வேண்டும்; நடத்துபவரை அப்புறப்படுத்திக் கொடிகளையும் நகர்த்த வேண்டும். ஒரு புதிருக்குள் அறிவியல், கவனிப்பு, அயோக்கியத்தனம் மூன்றும் உண்டு. அமெரிக்கர்களுக்கு மட்டுமே பிடிபடும் ஒரு சொல்லாட்டத்தை நம்பிய குரங்குப் புதிர் ஒன்றும் இருக்கிறது, அது அநியாயம்தான். அந்த ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் நேர்மையானவை.

ஆனால் இதை முதலிடத்தில் நிறுத்துவது, முடிவு தெரிந்தபின் கேமே வேறாக மாறிவிடுவதுதான். கடைசியில் முகமூடி கழன்று, லெசக் கைபிரஷின் அண்ணனாக நிற்கிறான்; இருவரும் சிறுவர்களாக ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் பெற்றோருடன் நடந்துபோகிறார்கள்; அண்ணனின் கண்கள் மட்டும் ஒருகணம் மின்னுகின்றன. அன்று பலர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தார்கள். அந்த முடிவை நெஞ்சில் வைத்துக்கொண்டு மறுபடி ஆடும்போது, தடயங்கள் எங்கும் இறைந்து கிடப்பது தெரிகிறது. புதையல் பெட்டிக்குள் இருப்பது ஒரு ‘இ டிக்கெட்’. டிஸ்னிலேண்டில் மிகச்சிறந்த சவாரிகளுக்கு ஒருகாலத்தில் கொடுத்த டிக்கெட்டின் பெயர் அது. கேம் தொடங்கும்போதே கைபிரஷ் ஒரு குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு எலேனுக்குக் கதை சொல்கிறான். நாம் ஆடுவதில் பெரும்பகுதி அவன் சொன்ன கதை மட்டுமே. புதையல் இருக்கும் டிங்கி தீவின் அடியில் ஓடும் சுரங்கவழிகள், ஒரு பூங்காவின் பின்புற நடைபாதைகள் போலவே இருக்கின்றன. படகுச் சவாரியிலிருந்து இறங்கி நடக்க ஆசைப்பட்ட ஒருவர், அந்த ஆசையையே கதைக்குள் புதைத்துவைத்திருக்கிறார்.

கைபிரஷும் இரண்டாம் ஆட்டத்தில் வேறு ஆளாகத் தெரிகிறான். விற்பனையாளன் ஸ்டானைச் சவப்பெட்டிக்குள் வைத்து ஆணியடிக்கிறான். கேட் என்ற குற்றமற்ற படகுக்காரியைத் தனக்குப் பதிலாகச் சிறைக்கு அனுப்புகிறான். தூங்குகிறவனின் மரக்காலை அறுக்கிறான். முதல்முறை இவையெல்லாம் புதிர்களின் விடைகள். விடை தெரிந்தபின் இவை ஒரு மனிதனின் செயல்கள். 2022இல் எலேன் கேட்கும் கேள்விக்கு விதை 1991இலேயே விழுந்திருக்கிறது. வேறெந்த மங்கி ஐலண்டும் மறு ஆட்டத்தில் இவ்வளவு வளர்வதில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

இந்த கேம்களை இன்று ஆட முடிவதே ஒரு சாதனை. அவை பிறந்த கணினிகள் மறைந்துவிட்டன. 2001இல் தொடங்கிய ‘ஸ்கம்விஎம்’ என்ற தன்னார்வத் திட்டம்தான் பழைய ஸ்கம் கேம்களைப் புதிய கணினிகளிலும் கைபேசிகளிலும் ஓடவைத்தது. நிறுவனங்கள் மறந்திருந்த காலத்திலும் கூலி வாங்காமல் இதைக் காத்த நிரலாளர்களுக்கு ஒவ்வொரு ரசிகரும் கடன்பட்டிருக்கிறார். முதல் இரண்டு கேம்களின் மெருகேற்றிய பதிப்புகள் 2009இலும் 2010இலும் வந்தன. அவற்றில் ஒரே விசையை அழுத்திப் பழைய உருவத்துக்கும் புதியதற்கும் மாறிக்கொள்ளலாம். ஆறு கேம்களும் இணையக் கடைகளில் விற்பனைக்கு உள்ளன.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலாவது, இரண்டாவது, பிறகு ‘கர்ஸ்’. அந்த மூன்றும் பிடித்துப்போனால் ‘டேல்ஸ்’, ‘எஸ்கேப்’. ‘ரிட்டர்ன்’ எப்போதும் கடைசியில்தான். மற்றவற்றில் ஊறாமல் அதை ஆடினால் அதன் கனம் பாதிதான் இறங்கும்.

எங்கேயாவது சிக்கிக்கொண்டால் உடனே விடையைத் தேடாதீர்கள். கேமை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். மறுநாள் பெரும்பாலும் விடை தானாக வரும். தானே கண்ட விடைதான் நினைவில் நிற்கும். அதுவே பின்னொரு நாள் மறுபடி ஆடக் கூப்பிடும். முடித்தபின் சில ஆண்டுகள் கழித்துக் கட்டாயம் திரும்ப ஆடுங்கள். முதல் ஆட்டம் உங்கள் புத்தியைச் சோதிக்கிறது. இரண்டாம் ஆட்டத்தில் நீங்கள் அந்த கேமைச் சோதிக்கிறீர்கள். மங்கி ஐலண்டின் சிறந்த பாகங்கள் அந்தச் சோதனையில் தேறிவிடுகின்றன.